கேள்வி கேட்கக் கற்போம்

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்" என்பது நம் ஊரில் பாட்டிமார் சொல்லும் பழமொழி. பால் குடிப்பதற்கு மட்டுமன்று, பாடம் படிப்பதற்கும் இது பொருந்தும். தமிழில் 'கேள்வி' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வாய் திறந்து வினவுவதும் கேள்வி. அறிந்தவர் சொல்வதைச் செவி கொடுத்து உணர்வதும் கேள்வி. திருவள்ளுவர் 'கேள்வி' என்றே ஓர் அதிகாரம் வகுத்தார்.

கணினியின் முன் அமர்ந்து வலைத்தளம் அமைக்கப் பழகும் பிள்ளைகளுக்கு இவ்விரண்டும் வேண்டும். யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது, கிடைத்த விடையை என்ன செய்வது என்பவற்றை அன்புத் தோழியர்க்கும் பெற்றோர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதை எழுதும் நாங்கள் கைதேர்ந்தவர்கள் அல்லர். சறுக்கி விழுந்து, பிறர் கைகொடுக்க எழுந்தவர்கள். விழுந்த இடம் நன்றாக நினைவில் இருப்பதால்தான் எழுதத் துணிந்தோம்.

ஜன்னல், எழுத்தர், பதிவேடு

வலைத்தளம் என்பது திரையில் தெரியும் அழகிய பக்கம் மட்டுமே என்று முதலில் நாங்களும் எண்ணினோம். அது பாதி உண்மையே. நம் பள்ளி அலுவலகத்தை மனக்கண் முன் கொண்டு வாருங்கள். பெற்றோர் ஒருவர் வந்து ஜன்னலருகே நின்று, "என் மகளின் சேர்க்கை எண் என்ன?" என்று கேட்கிறார். உள்ளே இருக்கும் எழுத்தர் அதைக் கேட்டுக்கொண்டு, பீரோவைத் திறந்து, சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டி, விடையை ஒரு துண்டுத் தாளில் எழுதி ஜன்னல் வழியே நீட்டுகிறார். பெற்றோர் பீரோவைத் தொடுவதில்லை. பதிவேடு தானாக நடந்து ஜன்னலுக்கு வருவதுமில்லை.

வலைத்தளமும் இவ்வாறே இயங்குகிறது. நாம் பார்க்கும் பக்கம்தான் ஜன்னல். அதை எச்.டி.எம்.எல். என்னும் குறியீட்டு மொழியில் எழுதுவார்கள். உள்ளே இருக்கும் எழுத்தர்தான் ஸ்கிரிப்ட் என்று சொல்லப்படும் நிரல். பி.எச்.பி., பைத்தான் போன்ற மொழிகளில் அதை எழுதலாம். பதிவேடுகள் அடுக்கிய பீரோதான் தரவுத்தளம். எழுத்தர் தரவுத்தளத்தோடு பேசும் மொழிக்கு எஸ்.க்யூ.எல். என்று பெயர். 'செலெக்ட்' என்றால் எடுத்துக் காட்டு, 'இன்சர்ட்' என்றால் புதிதாகச் சேர், 'அப்டேட்' என்றால் திருத்து, 'டெலிட்' என்றால் அழி. இந்த நான்கு சொற்களைக் கொண்டே பெரும்பாலான வேலைகள் நடந்துவிடும்.

பதிவேட்டில் கட்டம் போடுவதைப் போலவே தரவுத்தளத்திலும் அட்டவணைகள் உண்டு. ஒவ்வோர் அட்டவணையிலும் ஒன்றைப் போல் மற்றொன்று வராத ஓர் எண் இருக்க வேண்டும். எங்கள் வகுப்பில் ஸ்டெல்லா மேரி என்ற பெயரில் இருவர் உள்ளனர். நூலகப் புத்தகம் திரும்பி வரவில்லை என்றால் எந்த ஸ்டெல்லா மேரியைத் தேடுவது? சேர்க்கை எண் இருந்தால் குழப்பம் இல்லை. இப்படிப்பட்ட எண்ணுக்கு 'முதன்மைத் திறவுகோல்' என்று பெயர். செய்திகளை அட்டவணைகளாகப் பிரித்து, திறவுகோல்களால் இணைத்து வைக்கலாம் என்னும் கொள்கையை 1970-ஆம் ஆண்டு வெளியிட்டவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்பவர். அடுத்த சில ஆண்டுகளில் அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகிய இருவரும் எஸ்.க்யூ.எல். மொழிக்கு வித்திட்டனர்.

பிறர் உதவியால் வளர்ந்த கருவிகள்

இக்கருவிகளின் வரலாற்றைப் படித்தபோது எங்களுக்கு ஒரு தைரியம் பிறந்தது. இவற்றைப் படைத்தவர்களும் தனியாக நின்று சாதித்துவிடவில்லை.

கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர், தம்மைப் பற்றி இணையத்தில் எழுதி வைத்திருந்த பக்கத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அறிய 1994-இல் சில சிறு நிரல்களை எழுதினார். அவற்றை 1995 ஜூன் மாதம் எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார். பயன்படுத்தியவர்கள் குறைகளைச் சொன்னார்கள். சிலர் திருத்தியும் கொடுத்தார்கள். பின்னர் இஸ்ரேல் நாட்டில் படித்துக்கொண்டிருந்த ஆண்டி குட்மன்ஸ், ஜீவ் சுராஸ்கி என்னும் இரு மாணவர்கள், தங்கள் வேலைக்கு அது போதவில்லை என்று கண்டு, அதன் அடிப்பகுதியையே புதிதாக எழுதினார்கள். அதுவே 1998-இல் மூன்றாம் பதிப்பாக வெளிவந்தது. பி.எச்.பி. உலகெங்கும் பரவியது இதன் பிறகுதான். குறை சொல்லத் தெரிந்த மாணவர்கள், குறையைத் தீர்க்கவும் முன்வந்தனர் என்பது இங்கே நாம் கவனிக்க வேண்டியது.

அதே 1995-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டில் மை எஸ்.க்யூ.எல். என்னும் தரவுத்தளம் பிறந்தது. 'மை' என்றவுடன் நமக்குக் கண்ணுக்குத் தீட்டும் மை நினைவுக்கு வரும். ஆனால் அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் தம் மகளின் பெயரை அதற்கு இட்டார். அச்சிறுமியின் பெயர் மை. அவர் 2009-இல் தொடங்கிய மற்றொரு தரவுத்தளத்துக்கு இளைய மகளின் பெயரைச் சூட்டி 'மரியா டி.பி.' என்று அழைத்தார். உலகில் எண்ணற்ற வலைத்தளங்களைத் தாங்கும் கருவிகள் இரண்டு சிறுமியரின் பெயரைச் சுமக்கின்றன என்பது எங்களுக்கு வியப்பாகவும் மகிழ்ச்சியாகவும் இருந்தது.

நாங்கள் விழுந்த கதை

இனி எங்கள் கதைக்கு வருவோம். பள்ளி நூலகத்தில் உள்ள நூல்களின் பெயர்களைக் கணினியில் ஏற்றி, வேண்டிய நூலைத் தேடி எடுக்கும்படி ஒரு சிறு பக்கம் செய்ய வேண்டும் என்று நாங்கள் மூவர் ஆசைப்பட்டோம். பி.எச்.பி.யும் தரவுத்தளமும் சேர்ந்து வரும் 'சாம்ப்' என்னும் இலவசத் தொகுப்பைக் கணினியில் நிறுவினோம். பெயர்களை ஒவ்வொன்றாக ஏற்றினோம். மாலை வேளைகளில் மூன்று வாரங்கள் ஆயின.

முதல் தடை, ஓர் அரைப்புள்ளி. பி.எச்.பி. மொழியில் ஒவ்வொரு கட்டளையின் முடிவிலும் அரைப்புள்ளி இட வேண்டும். ஒரு நாள் பக்கம் வரவில்லை. 13-ஆம் வரியில் பிழை என்று திரை சொன்னது. 13-ஆம் வரியை மூவரும் உருப்போடும் அளவுக்குப் படித்தோம். பிழையே இல்லை! எங்களில் ஒருத்தி, "நமக்கெல்லாம் இது வராது" என்று சொல்லி நான்கு நாள் அந்தப் பக்கமே வரவில்லை. யாரிடமாவது கேட்கலாம் என்றால், "இதுகூடத் தெரியாதா?" என்று சிரிப்பார்களோ என்ற அச்சம்.

பின்னர், கல்லூரியில் படிக்கும் அக்கா ஒருவரிடம் தொலைபேசியில், "அக்கா, எங்கள் பக்கம் வேலை செய்யவில்லை. கொஞ்சம் உதவுங்கள்" என்றோம்.

"என்னம்மா வேலை செய்யவில்லை? பக்கமே வரவில்லையா, வந்து தப்பாக இருக்கிறதா? திரையில் என்ன எழுதியிருக்கிறது? அதை அப்படியே படி" என்றார் அக்கா.

நாங்களோ கணினியை மூடிவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம்! மறுநாள் திறந்து, திரையில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தோம். "13-ஆம் வரியில் பிழை என்றால், அந்த இடத்துக்கு வந்த பிறகுதான் கணினிக்குக் குழப்பம் தெரிந்தது என்று பொருள். குற்றம் 12-ஆம் வரியிலும் இருக்கலாம். அதன் முடிவைப் பார்" என்றார். 12-ஆம் வரியின் முடிவில் அரைப்புள்ளி இல்லை. நான்கு நாள் துயரம் நான்கு நொடியில் தீர்ந்தது.

இரண்டாவது விழுக்காடு பெரிது. செல்லரித்துப்போன ஒரு நூலை நூலகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அதைப் பட்டியலிலிருந்து நீக்க 'டெலிட்' கட்டளை கொடுத்தோம். எந்த நூலை என்று சுட்டுவதற்கு 'வேர்' என்னும் சொல்லைச் சேர்த்து நூலின் எண்ணைக் குறிப்பிட வேண்டும். அதை மறந்து ஒரு விசையை அழுத்திவிட்டோம். ஒரு நூல் மட்டுமன்று, பட்டியல் முழுவதும் போயிற்று. மூன்று வார உழைப்பு ஒரு நொடியில் காற்றில் பறந்தது. கணினியோ அமைதியாக, கட்டளை நிறைவேறியது என்று அறிவித்தது.

அழுதுகொண்டே நூலகப் பொறுப்பில் இருக்கும் சிஸ்டரிடம் போய் உண்மையைச் சொன்னோம். சிஸ்டர் கோபிக்கவில்லை. "கணினியில் ஏற்றிய பின் பேரேட்டைக் குப்பையில் போடவில்லையே, பிள்ளைகளா? பிறகு ஏன் அழுகை? பேரேடு அலமாரியில்தான் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். மறுபடியும் முதலிலிருந்து ஏற்றினோம். இம்முறை ஒவ்வொரு மாலையும் தரவுத்தளத்தின் நகல் ஒன்றை வேறிடத்தில் எடுத்து வைத்தோம்.

இப்பிழையைச் செய்பவர் நாங்கள் மட்டும் அல்லர் என்று பின்னால் அறிந்தோம். எண்ணைக் குறிப்பிடாமல் அழிக்கவோ திருத்தவோ முயன்றால் தடுத்து நிறுத்தும் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு மை எஸ்.க்யூ.எல். கருவியிலேயே இருக்கிறது. அதைப் படைத்தவர்கள் அதற்கு வேடிக்கையாக இட்டிருக்கும் மறுபெயர், 'நான் ஒரு மக்கு' என்னும் பொருள் தரும் ஆங்கிலத் தொடர்! ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது உண்மையே.

நல்ல கேள்விக்கு நான்கு உறுப்புகள்

இவ்வனுபவங்களிலிருந்து நாங்கள் கற்ற பாடம் இது. உதவி கிடைக்காததற்குப் பல சமயம் உதவுவோர் இல்லாமை காரணமன்று. நாம் சரியாகக் கேட்காமையே காரணம். வைத்தியரிடம் போய், "எனக்கு உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் என்ன மருந்து கொடுப்பார்? எங்கே வலி, எப்போதிருந்து, என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார் அல்லவா? கணினி அறிந்தவர்களும் அவ்வாறே.

முதலாவதாக, நாம் செய்ய விரும்பியது என்ன என்று சொல்ல வேண்டும். இரண்டாவதாக, அதற்காக நாம் எழுதிய வரிகளைக் காட்ட வேண்டும். நூறு வரிகளையும் கொட்டாமல், சிக்கல் எழும் சில வரிகளை மட்டும் பிரித்துக் காட்டுவது நன்று. மூன்றாவதாக, என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தோம், உண்மையில் என்ன நடந்தது என்று கூறி, பிழைச்செய்தியை ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுத வேண்டும். நான்காவதாக, நாமே என்னென்ன முயன்று பார்த்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். பாவசங்கீர்த்தனத்தில் பாதியை மறைத்தால் பயன் இல்லை என்று ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறோம். இங்கும் அப்படியே. "நான் ஒன்றும் செய்யவில்லை, தானாகக் கெட்டுவிட்டது" என்று சொன்னால் எவராலும் உதவ இயலாது.

ஓர் எடுத்துக்காட்டு. "தமிழ் வரவில்லை, அவசரம்" என்று எழுதுவது நல்ல கேள்வியன்று. "நூலின் பெயரைத் தமிழில் தட்டச்சுச் செய்து தரவுத்தளத்தில் சேர்த்தோம். திரும்பக் காட்டும்போது எழுத்துகளுக்குப் பதிலாக வரிசையாக வினாக்குறிகள் வருகின்றன. ஆங்கிலப் பெயர்கள் சரியாக வருகின்றன. அட்டவணையை நீக்கி மீண்டும் அமைத்தும் மாற்றமில்லை" என்பது நல்ல கேள்வி. இதைப் படித்தவுடன் அறிந்தவருக்குக் காரணம் விளங்கிவிடும். தமிழ் எழுத்துகளைத் தாங்க முடியாத பழைய எழுத்து முறையில் அட்டவணையோ, நிரலுக்கும் தரவுத்தளத்துக்கும் இடையேயான இணைப்போ அமைந்திருக்கிறது. இரண்டையும் 'யு.டி.எஃப்.8 எம்.பி.4' என்னும் முறைக்கு மாற்றிவிட்டு, பெயர்களை மறுபடி ஏற்ற வேண்டும். 2018-இல் வந்த மை எஸ்.க்யூ.எல். 8-ஆம் பதிப்பு முதல் இம்முறையே இயல்பாக அமைந்து வருகிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. இந்நான்கு உறுப்புகளையும் தாளில் எழுதி முடிப்பதற்குள் பாதிக் கேள்விகளுக்கு விடை நமக்கே தெரிந்துவிடுகிறது!

யாரிடம் கேட்பது?

செஞ்சி போன்ற சிற்றூரில் இருப்பவர்களுக்கு யார் உதவுவார்கள் என்று சிலர் கேட்கலாம். கண் திறந்து பார்த்தால் உதவி அருகிலேயே இருக்கிறது.

முதல் உதவி நம் பாடநூலே. தமிழ்நாடு அரசு 2018, 2019-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட மேல்நிலை வகுப்புக் 'கணினிப் பயன்பாடுகள்' நூல்கள் தமிழிலேயே உள்ளன. பதினோராம் வகுப்பு நூலில் எச்.டி.எம்.எல்., ஜாவாஸ்கிரிப்ட் முதலியனவும், பன்னிரண்டாம் வகுப்பு நூலில் பி.எச்.பி.யும் தரவுத்தளமும் சொல்லப்பட்டிருக்கின்றன. வேறு பாடப்பிரிவை எடுப்பவர்களும், நம்மைப் போன்ற பத்தாம் வகுப்பினரும் அவற்றை வாங்கிப் படிக்கத் தடையொன்றும் இல்லை.

இரண்டாவது, 'கணியம்' என்னும் இணைய இதழ். 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகளைத் தமிழில் இலவசமாக அளித்து வருகிறது. அதில் எழுதிய து. நித்யா என்பவர் 'எளிய தமிழில் மை எஸ்.க்யூ.எல்.' என்னும் நூலை எழுதி, எவரும் இலவசமாகப் படிக்கவும் பகிரவும் கொடுத்திருக்கிறார். ஆங்கிலத்தில் மட்டுமே படிக்க முடியும் என்று நாங்கள் எண்ணியிருந்த ஒன்றை, தமிழ்ப் பெண்மணி ஒருவர் நம் வீட்டுத் தமிழில் சொல்லியிருப்பதைக் கண்டபோது, எங்களுக்கு மூடியிருந்த கதவு திறந்தாற் போலிருந்தது.

மூன்றாவது, மும்பை ஐ.ஐ.டி. நடத்தும் 'ஸ்போக்கன் டுடோரியல்' பாடங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ பத்து நிமிடம் ஓடும் ஒளிப்பாடம். பல பாடங்களுக்குத் தமிழ்க் குரலும் உண்டு. ஆசிரியர் இல்லாத இடத்திலும் தானே கற்பவருக்கு ஏற்றவாறு அவை அமைக்கப்பட்டிருக்கின்றன. திரையில் அவர் ஓர் அடி வைத்ததும் நிறுத்திவிட்டு, நாமும் அதே அடியை வைத்துப் பார்க்கலாம்.

நான்காவது நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. செஞ்சியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள விழுப்புரத்தில், 'விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு' என்னும் தன்னார்வக் குழு இயங்குகிறது. கணினித் துறையில் வேலை பார்ப்பவர்கள், தாங்கள் கற்றதைக் கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டணமின்றிச் சொல்லிக் கொடுக்கிறார்கள். வேலை கிடைத்துப் பெருநகரம் சென்றவர்கள் பிறந்த மண்ணை மறக்காதிருப்பது எத்துணை நல்ல செயல்! பெற்றோர் இத்தகைய வாய்ப்புகளைத் தங்கள் பெண்மக்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். தம்பிக்கு மட்டும் கணினி, அக்காவுக்குச் சமையல் என்பது இக்காலத்துக்குப் பொருந்தாது.

கிடைத்த விடையை என்ன செய்வது?

விடை கிடைத்துவிட்டால் போதுமா? போதாது. அது புதியதா, பாதுகாப்பானதா, நமக்குப் புரிகிறதா என்னும் மூன்றையும் சோதிக்க வேண்டும்.

இணையத்தில் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எழுதிய விடைகளும் அழியாமல் கிடக்கின்றன. மை எஸ்.க்யூ.எல்.லோடு பேச முற்காலத்தில் பயன்பட்ட கட்டளைகள் பல, 2015 இறுதியில் வந்த பி.எச்.பி. 7-ஆம் பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டன. அவற்றை அப்படியே எழுதினால், "இப்படி ஒரு கட்டளையே இல்லை" என்று கணினி கைவிரித்துவிடும். பிழை நம்முடையதன்று, விடை பழையது. ஆகையால் விடையைப் பார்க்குமுன் அது எழுதப்பட்ட ஆண்டைப் பார்ப்போமாக.

பாதுகாப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு. 'டி'சோசா' என்னும் பெயரில் நடுவே ஒரு மேற்கோள் குறி வருகிறது. அப்பெயரை எங்கள் பக்கத்தில் தட்டியவுடன் பக்கம் நின்றுபோயிற்று. காரணம், எஸ்.க்யூ.எல். மொழியில் பெயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டுவதும் அதே மேற்கோள் குறிதான். பெயர் 'டி'யோடு முடிந்துவிட்டது என்று எண்ணிய கணினி, 'சோசா' என்பதைக் கட்டளை என்று கருதித் திகைத்தது. நல்ல மனிதரின் பெயரே இப்படிக் குழப்புமானால், தீயவர் ஒருவர் வேண்டுமென்றே மேற்கோள் குறியை இட்டு, அதன் பின் 'எல்லாவற்றையும் காட்டு' என்னும் கட்டளையைச் சேர்த்துத் தட்டினால் என்ன ஆகும்? நம் தோழியரின் முகவரியும் தொலைபேசி எண்ணும் முன்பின் அறியாதவர் கையில் சேர்ந்துவிடும் அல்லவா?

நம் இராஜகிரி மலையில் ஏறியவர்கள் இதை எளிதில் விளங்கிக்கொள்வார்கள். உச்சிக் கோட்டைக்கு முன்னால் பாறையில் ஆழமான பிளவு ஒன்று இருக்கிறது. அதைக் கடக்க ஒரு சிறு பாலந்தான் வழி. முற்காலத்தில் மரப்பாலமாக இருந்தபோது, அதை எடுத்துவிட்டால் பகைவன் எதிர்க்கரையிலேயே நிற்க வேண்டியதுதான். வலைத்தளத்திலும் அப்படியொரு பிளவு தேவை. கட்டளையை முதலில் தனியே தரவுத்தளத்துக்கு அனுப்பிவிட்டு, பயனர் தட்டிய சொற்களைப் பின்னர் தனியே அனுப்பும் முறை உண்டு. அவ்வாறு செய்தால், வந்தவர் என்ன தட்டினாலும் அது வெறும் பெயராகவே கருதப்படும். கட்டளையாக மாறி உள்ளே நுழையாது. தரவுத்தளத்துக்கான பழைய விடைகள் பலவற்றில் இந்தப் பாதுகாப்பு இருப்பதில்லை. அதனால்தான் புரியாமல் பார்த்தெழுதக் கூடாது என்கிறோம்.

இக்காலத்தில் கேட்டவுடன் நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. நாங்களும் அவற்றிடம் கேட்டதுண்டு. நள்ளிரவிலும் சலிக்காமல் விடை சொல்கின்றன; சில சமயம் தவறான விடையையும் அதே உறுதியோடு சொல்கின்றன. ஆகவே நாங்கள் ஒரு விதி வகுத்துக்கொண்டோம். கிடைத்த நிரலின் ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று ஒருத்தி மற்ற இருவருக்கும் வாயால் விளக்க வேண்டும். விளக்க முடியாத வரியைச் சேர்க்கக் கூடாது. அடுத்தவள் கணக்கைப் பார்த்து எழுதியவளுக்குத் தேர்வு அறையில் என்ன நேரும் என்பதை நாம் அறிவோம்.

உதவி கேட்கும்போது கடவுச்சொல்லையோ, தோழியரின் உண்மையான பெயர், எண், புகைப்படம் ஆகியவற்றையோ எவருக்கும் அனுப்பக் கூடாது. சோதனைக்குப் புனைபெயர்களே போதும். அறிமுகமில்லாதவர் உதவிக்கு ஈடாகத் தனியே பேச அழைத்தால் உடனே பெற்றோரிடமோ ஆசிரியையிடமோ சொல்லிவிட வேண்டும். நல்ல உதவி பலர் முன்னிலையில் கொடுக்கக் கூசாது.

இரு வழிகாட்டிகள்

கணினியும் ஜெபமும் ஒன்றாகப் போகுமா என்று கேட்போருக்கு இரண்டு பேரைச் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். ஒருவர் அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர். 1965-ஆம் ஆண்டு கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற இவர், அமெரிக்காவில் அப்பட்டம் பெற்ற முதல் பெண்மணி ஆவார். பட்டம் பெற்ற பின் அயோவா மாநிலத்துக் கிளார்க் கல்லூரியில் கணினித் துறையைத் தொடங்கி, இருபது ஆண்டுகள் நடத்தினார். தாம் கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

மற்றவர் புனித கார்லோ அக்குதிஸ். 1991-இல் இலண்டனில் பிறந்து, இத்தாலியின் மிலான் நகரில் வளர்ந்தவர். நிரல் எழுதுவதைத் தாமே நூல்களைப் படித்துக் கற்றார். தம் பங்குக் கோவிலுக்கு வலைத்தளம் அமைக்க உதவினார். உலகெங்கும் நிகழ்ந்த நற்கருணைப் புதுமைகளைத் தேடித் தொகுத்து இணையத்தில் வெளியிட்டார். 2006 அக்டோபர் 12 அன்று இரத்தப் புற்றுநோயால் இறைவனடி சேர்ந்தபோது அவருக்கு வயது 15. எங்கள் வயதுதான்! 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக உயர்த்தினார். ஜீன்ஸ் அணிந்து, கணினியின் முன் அமர்ந்த ஒரு பள்ளி மாணவரைப் பீடத்தில் காணும்போது, நம் வேலையும் இறைவனுக்கு உகந்ததாகலாம் என்ற நம்பிக்கை பிறக்கிறது.

முடிவுரை

எங்கள் நூலகப் பக்கம் இப்போது நன்றாக இயங்குகிறது. டி'சோசா என்று தட்டினாலும் நிற்பதில்லை. அடுத்து, நம் செஞ்சிக் கோட்டையைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் அமைக்க எண்ணியிருக்கிறோம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற மராட்டியரின் 12 கோட்டைகளுள், தமிழ்நாட்டில் உள்ளது நம் செஞ்சி ஒன்றே. நெற்களஞ்சியம், கல்யாண மகால், சக்கரக்குளம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து அட்டவணையில் ஏற்றினால், வரும் விருந்தினர் எளிதில் தேடிப் படிக்கலாம் அல்லவா?

அதற்கு உதவியாக ஒன்பதாம் வகுப்புத் தங்கையர் சிலர் சேர்ந்திருக்கிறார்கள். சென்ற வாரம் அவர்களில் ஒருத்தி ஓடி வந்து, "அக்கா, என் பக்கம் வேலை செய்யவில்லை" என்றாள். நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்துவிட்டு, "திரையில் என்ன எழுதியிருக்கிறது? அதை அப்படியே படி பார்க்கலாம்" என்றோம்.

அரைப்புள்ளிதான்!

எங்களுக்குக் கைகொடுத்த அக்காவுக்கும், பேரேட்டைக் காத்து வைத்திருந்த சிஸ்டருக்கும், கணினி அறையின் சாவியை நம்பிக் கொடுத்த டீச்சருக்கும் எங்கள் நன்றி உரியது. பெற்ற உதவியை அடுத்தவர்க்குக் கொடுப்பதே அந்நன்றியைச் செலுத்தும் வழி. ஆகவே தோழியரே, தெரியாததைக் கேட்க வெட்கப்படாதீர்கள். தெரிந்ததைச் சொல்லத் தயங்காதீர்கள்.

பத்தாம் வகுப்பு மாணவி